‘இலகு கடமை’ குறித்து அலுவலகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்து அலுவலகங்களின் தலைவர்களுக்கும், கிளைகளைப் பொறுப்பாக நடத்தும் பிரதம உத்தியோகத்தர்களுக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

தலையில் அடிபட்டுத் தேறிவரும் ஒருவர் மருத்துவச் சான்றிதழோடு உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்போது, அதிலுள்ள ‘இலகு கடமை’ என்னும் இரண்டு சொற்களுக்கு நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள் என்பதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கணக்குக் கிளையில் காசேடு, அதாவது பண வரவு செலவுப் பதிவேடு, எழுதுபவன்.

பதினாறு மாதங்களுக்கு முன்னர், இரவு, செங்கலடிக்கு மோட்டார் சைக்கிளில் திரும்புகையில், வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதி விழுந்தேன். தலைக்கவசம் போட்டிருந்தேன், வாரைப் பூட்டியிருக்கவில்லை. ஆகவே மாட்டைக் கட்டாதவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வைத்தியசாலையில் என் விழிப்புநிலைக்கு 15இற்கு 14 புள்ளி இட்டார்கள். கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் பார்த்துக் கணிக்கும் இந்த அளவுகோல் 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் வெளியிட்டது. 13 முதல் 15 வரை கிடைத்தால் ‘இலேசான காயம்’ என்பார்கள். அடிபட்ட வேளையில் ஒருவர் எவ்வளவு விழிப்பாக இருந்தார் என்பதை அது சொல்லும். மூன்று மாதம் கழித்து அவரால் வவுச்சர்களைக் கூட்டிச் சரிபார்க்க முடியுமா என்பதை அது சொல்லாது. சீ.ரி. ஸ்கேனும் அப்படித்தான். இரத்தக் கசிவும் எலும்பு முறிவும் அதில் தெரியும். குலுங்கியதில் இழுபட்டுப்போன நுண்ணிய நரம்பிழைகள் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் ‘ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்’ என்ற செய்தி எனக்கு முன்னரே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இலேசான காயம் பட்டவர்களில் பெரும்பாலானோர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். தேறாத சிறுபான்மையில் நானும் ஒருவன். நான் திரும்பிச் சென்ற நாளில், “மறுகா என்ன, ஆள் நல்லாத்தானே இருக்கிறீங்கள்” என்று எல்லோரும் அன்பாகவே சொன்னார்கள். காசேட்டை வேறொருவருக்குப் பாரங்கொடுத்துவிட்டு, கணக்குப் பொறுப்பு ஏதுமற்ற இடமென்று என்னை முன் அலுவலகத்தில் இருத்தினார்கள். அதில் கெட்ட நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

அங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தாயார் வந்து தம் பெயரைச் சொல்வார். பேனையை எடுப்பதற்குள் தொலைபேசி அடிக்கும். அதை வைத்துவிட்டு நிமிர்ந்தால், அவர் முகம் தெரியும், பெயர் போயிருக்கும். மறுபடி கேட்பேன், எழுதத் தொடங்குவேன், பக்கத்தில் இன்னொருவர் எந்தப் படிவம் என்று கேட்பார், மின்விசிறி கிறீச்சிடும், பின்னால் யாரோ சிரிப்பார்கள். இவையனைத்தும் ஒரே உரப்பில் தலைக்குள் நுழையும். பத்தரை மணிக்கெல்லாம் கண்ணுக்குப் பின்னால் வலி தொடங்கிவிடும். மூன்றாந்தரம் பெயர் கேட்டபோது அந்தத் தாயார், “மகன், நான் எழுதித் தரட்டா?” என்றார். இரண்டாவது வாரத்தில் ஒரு முதியவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். அன்றைக்கே எனக்கு மூளை குழம்பிவிட்டது என்ற கதை கிளைகள்தோறும் பரவியது.

கால் முறிந்தவருக்குக் கதிரையும் மேசையும் இலகு கடமைதான். தலையில் அடிபட்டவருக்குக் கணக்கு வேறு. சாதாரண வேளையில் மூளை, வேண்டாத சத்தத்தை நமக்குத் தெரியாமலே ஒதுக்கிவிட்டு வேண்டியதை மட்டும் உள்ளே விடுகிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் விட்ட இடத்துக்குத் திரும்பவும் அதுவே உதவுகிறது. அடிபட்ட பின் முதலில் தளர்வதும் கடைசியில் திரும்புவதும் பெரும்பாலும் இந்தத் திறன்கள்தாம். நான் இருபது வருடமாக எழுதிய காசேட்டின் நிரல்களோ பழக்கத்தில் ஊறியவை. கதவைச் சாத்திய ஓர் அறையில், ஒன்றரை மணிநேரம், ஒரே பதிவேட்டோடு என்னை விட்டிருந்தால், மெதுவாகவேனும் சரியாகவே செய்திருப்பேன். அலுவலகம் பாரமென்று கருதிய வேலை எனக்கு இலகுவாகவும், இலகுவென்று கருதியது பாரமாகவும் இருந்தது.

பிறகு விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் வல்லாரை கொண்டுவந்தார்கள். சம்பல் நன்றாகவே இருந்தது, கூட்டல்தான் சரிவரவில்லை. செல்போனில் மூளைப் பயிற்சி விளையாட்டுகளையும் முயன்றேன், அந்த விளையாட்டுகளில் மட்டும் கெட்டிக்காரனானேன். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரே, செய்யப்போகும் வேலையையே சிறிது சிறிதாகப் பழகச் சொன்னார். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் வீட்டுச் செலவைக் காசேடாக எழுதத் தொடங்கினேன். முதல் வாரம் இருபது நிமிடம். களைப்பு வருமுன் நிறுத்த வேண்டும், வந்தபின் நிறுத்தினால் மறுநாளும் வீணாகும். ஒரே பக்கத்தை மூன்று முறை கூட்டி மூன்று விடை கண்ட நாட்கள் உண்டு. சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் எப்போதும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்திருக்கச் சொல்லும் பழைய முறையை மருத்துவர்களும் இப்போது விட்டுவிட்டார்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக இயங்கவே சொல்கிறார்கள்.

நான் கேட்பதற்குப் பணச் செலவு அதிகமில்லை. திரும்பி வருபவருக்கு முதல் சில வாரங்கள் காலை 8.30 முதல் நண்பகல் வரை மட்டும் வேலை கொடுங்கள். முதலில் நேரத்தைக் கூட்டி, அது நிலைத்த பின்னரே வேலையின் கடினத்தைக் கூட்டுங்கள். அவருக்குப் பழகிய விடயத்தையே, ஒரு நேரத்தில் ஒன்றாக, வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்தில் கொடுங்கள். கூட்டுத்தொகைகளை இன்னொருவர் சரிபார்க்கட்டும். பொதுப் பணத்தில் அது அவருக்கும் பாதுகாப்பு. வலிப்பு வரக்கூடும் என்பதால் மருத்துவர் மோட்டார் சைக்கிளைத் தடுத்திருக்கலாம். நெரிசலான பஸ்ஸில் வந்திறங்கும்போதே பாதித் தெம்பு போயிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தொழிலுக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஏற்கெனவே சேர்ந்து, இடையில் அடிபட்டு, திரும்பி வருபவரின் முதல் மாதம் எப்படி அமைய வேண்டும் என்பது, நடைமுறையில், கிளைத் தலைவரின் கையில்தான் இருக்கிறது.

நான் இப்போது, காசேட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தனியே தயாரிக்கிறேன். முன்பு அரை நாள் பிடித்தது, இப்போது ஒன்றரை நாள். அடுத்த மாதம் எங்கள் பக்கத்து அலுவலகத்துக்கு, வீதி விபத்தில் அடிபட்ட இளம் உத்தியோகத்தர் ஒருவர் கடமைக்குத் திரும்புகிறார். அவருடைய சான்றிதழிலும் ‘இலகு கடமை’ என்றே எழுதியிருக்கிறது. அவரை முன் அலுவலகத்தில் இருத்தாதீர்கள்.

இங்ஙனம்,
கணக்குக் கிளை உத்தியோகத்தர் ஒருவர்,
செங்கலடி.