உதிர்ந்த இலைகளைப் பத்து நாள் விட்டுவையுங்கள்: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உதிர்ந்த இலைகளை அன்றன்றே அகற்றிவிடும் உங்கள் நடைமுறை குறித்துப் பார்வையாளர்கள் முன்பே முறையிட்டிருப்பதால் முன்கதையைத் தவிர்த்து, சென்ற வாரம், விசிறி வடிவ இலைகள் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகும் கிங்கோ மரத்தடியில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மேப்பிள் மரங்கள் நாள்கணக்கில் சிறிது சிறிதாக உதிர்க்கும். கிங்கோவோ கடுங்குளிர் இறங்கிய ஓர் இரவுக்குப் பின் ஏறக்குறைய எல்லா இலைகளையும் ஓரிரு நாளில் கொட்டிவிடும். அந்த நாளுக்காகவே நானும் என் அம்மாவும் காத்திருந்தோம். பார்வை மங்கிவரும் அவருக்குக் கிளைகளிலுள்ள நிறங்கள் புகைபோலக் கலங்கித் தெரிகின்றன. காலடியில் விரிந்து கிடக்கும் மஞ்சளை மட்டுமே இன்னும் தெளிவாகக் காண முடிகிறது. வாயில் திறந்ததும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விரைந்தோம். அதற்குள் இலை ஊதும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ஈர மண் தெரிந்தது. ஓரத்தில் மூட்டைகள் நின்றன. எங்களைக் கண்ட பணியாளர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு கை இலைகளை அள்ளி அம்மாவின் மடியில் வைத்தார். நடுவில் பிளவுபட்ட அந்தச் சிறு விசிறிகளை அம்மா ஒவ்வொன்றாகக் காம்பைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அந்தப் பணியாளரை நான் குறை சொல்லவில்லை, ஆணை அவருடையதன்று.

இலையுதிர்காலத்தில் இலையின் பச்சையம் சிதையச் சிதைய, கோடை முழுவதும் அதன் பின்னே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மேப்பிளின் சிவப்போ இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு இந்தப் பருவத்தில் புதிதாக உருவாவது. நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் கூடிவந்தால்தான் அது செழிக்கும். இவ்வளவும் கூடி வந்ததை அரைமணி நேரத்தில் மூட்டை கட்டும் உங்கள் சுறுசுறுப்பை வியக்கிறேன். வாயிலில் நீங்கள் வைத்திருக்கும் இலையுதிர்காலப் பதாகையில் இருப்பதும் இதே மரம், இதே மஞ்சள் விரிப்புதான். அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடா? வசந்தத்தில் இலைமட்கை விலைகொடுத்து வாங்கி, அதே மரத்தடியில் நீங்கள் கொட்டுவதையும் கண்டிருக்கிறேன்.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்தருள்க. நனைந்த இலைகள் நடைபாதையில் வழுக்கும் என்பது சக்கர நாற்காலி தள்ளும் எனக்கு நன்றாகவே தெரியும். பாதைகளைத் தாராளமாகப் பெருக்குங்கள். தடித்த சருகு புல்வெளியை மூச்சுமுட்டச் செய்யும் என்பதையும் ஏற்கிறேன். மரத்தடி வட்டத்தை மட்டும் பத்து நாள் தொடாமல் விட்டுவையுங்கள் என்பதே என் வேண்டுகோள். சருகுக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் வண்டுகளுக்கும் புழுக்களுக்கும்கூட அது உதவும்.

கிங்கோவுக்கு இனி அடுத்த ஆண்டுதான். குளக்கரை மேப்பிள்கள் இன்னும் பாதிகூட உதிரவில்லை. அவற்றின் அடியிலேனும் இவ்வாரமே இதைத் தொடங்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முடிவைத் தெரிவித்தால், அம்மாவை எந்த நாளில் அழைத்துவரலாம் என்று தீர்மானித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் பூங்காவுக்குத் தவறாமல் வரும் ஒருவர்