துருவத்தை வெட்டச் சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

கட்டுப்பாட்டுப் பொறியியல் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும், வணக்கம்.

பெரிய நேரியல் அமைப்பைச் சின்ன மாடலாகக் குறைக்க, பல வகுப்புகளில் இன்றும் ஒரே விதிதான்: மற்றவற்றைவிட கற்பனை அச்சிலிருந்து ஐந்து மடங்குக்கு மேல் தள்ளியிருக்கும் துருவங்களை விட்டுவிடு. (துருவம் என்பது அமைப்பின் எதிர்வினையின் ஒரு பகுதி எவ்வளவு வேகமாக அடங்கும் என்று காட்டும் எண்; தள்ளியிருந்தால் வேகமாக அடங்கும்.) நானும் அப்படித்தான் படித்தேன், வெகுநாள் நம்பினேன்.

ஒரு சின்னக் கணக்கு. துருவங்கள் -1, -100. இறுதி நிலைப் பெருக்கத்தில், அதாவது மாறாத உள்ளீட்டுக்குக் கடைசியில் வெளியீடு எத்தனை மடங்கு என்பதில், முதலாவதன் பங்கு 0.01, இரண்டாவதன் பங்கு 1. விதிப்படி -100ஐ வெட்டி, பெருக்கம் 1.01 வருமாறு சரிக்கட்டிவிடுகிறோம். படி உள்ளீடு (சட்டென்று உயர்ந்து அப்படியே நிற்கும் உள்ளீடு) கொடுத்தால் அடங்க 4 விநாடி ஆகும் என்கிறது அந்த மாடல். உண்மையான அமைப்போ 0.04 விநாடியிலேயே ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகிறது. நூறு மடங்கு வித்தியாசம்! வெட்ட வேண்டியது -1ஐத்தான். அதை வெட்டினால் எந்த அதிர்வெண்ணிலும் பிழை 0.01ஐத் தாண்டாது. -1.01இல் ஒரு சுழியம் (பக்கத்துத் துருவத்தின் விளைவை அடக்கும் எண்) உட்கார்ந்துகொண்டு அந்தத் துருவத்தை ஏற்கெனவே செல்லாக்காசாக்கி வைத்திருக்கிறது.

துருவம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. உள்ளீட்டால் ஒரு நிலையை (அமைப்பின் உள் மாறியை) எவ்வளவு அசைக்க முடிகிறது, வெளியீட்டில் அது எவ்வளவு தெரிகிறது என்ற இரண்டையும் சேர்த்து எடைபோடும் வழியை புரூஸ் மூர் 1981இல் எழுதினார். இந்த எடைகளுக்கு ஹேங்கல் எண்கள் என்று பெயர்; விட்டுவிட்ட ஹேங்கல் எண்களின் கூட்டுத்தொகையைப் போல இரு மடங்கைப் பிழை தாண்டாது என்பதை 1984இல் கீத் குளோவர் நிறுவினார். இந்த முறையில் நிலையான (எதிர்வினை கட்டுமீறி வளராத) அமைப்பைக் குறைத்தால் கிடைப்பதும் நிலையாகவே இருக்கும். தாழ் அதிர்வெண்ணில் மூல அமைப்போடு பொருந்துமாறு மாடலை அமைக்கும் பாடே தோராயத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. இருந்தும் தேர்வில் அதைக் கையால் போடச் சொல்கிறோம், வந்த மாடல் நிலையானதா என்று கேட்பதில்லை.

சரி, மூரின் முறையும் குறையில்லாதது அல்ல. நிலைகளை வெறுமனே வெட்டினால் இறுதி நிலைப் பெருக்கம் கொஞ்சம் நகரும். அது முக்கியம் என்றால், வெட்டுவதற்குப் பதில் அந்த நிலைகளின் வகைக்கெழுவைப் பூச்சியமாக்க வேண்டும். பிழை வரம்பு அதேதான். அப்போது உயர் அதிர்வெண்ணில்தான் விலை கொடுப்போம்.

கையால் போட முடியாதே என்பீர்கள். இரண்டு நிலைகள் என்றால் முடியும். அதற்கு மேல் மென்பொருளில் ஒரு கட்டளை போதும்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வினாத்தாளில் ‘மாடலைக் குறைக்கவும்’ என்பதோடு நிறுத்தாமல், ‘பிழை எவ்வளவு, எந்த அதிர்வெண்ணில்?’ என்று ஒரு வரி சேருங்கள். அதற்கும் மதிப்பெண் வையுங்கள்.

அன்புடன்,
பழைய மாணவன் ஒருவன்