மூன்றாவது சீசன் தபாலில் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்கலத்தில் கிரகம் கிரகமாகச் சுற்றும் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க டி.வி. தொடருக்கு 60 வயது என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூர்க்காது ஒட்டிக்கொண்டு கொண்டாடும் ரசிகர்களின் படம் அருமை. ஆனால் ‘1969-ல் மூன்று சீசனோடு நின்றது’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த மூன்றாவது சீசன் எப்படி வந்தது என்பதுதானே விசேஷம்? ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் 31 வருடம் தபால் பிரித்தவனுக்கு அதை விட மனசு வரவில்லை.

1967 கடைசியில், இரண்டாவது சீசனோடு தொடரை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பிஜோ ட்ரிம்பிள் என்ற ரசிகையும் கணவர் ஜானும் தெரிந்த ரசிகர்களுக்கெல்லாம் எழுதினார்கள்: என்.பி.சி. தொலைக்காட்சிக்கு ஒரு கடிதம் போடுங்கள், இன்னும் பத்துப் பேரைப் போடச் சொல்லுங்கள். குவிந்தவை ஒரு லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். 1968 மார்ச் 1 அன்று, அடுத்த சீசன் உண்டு என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தார்கள். அதோடு ஓய்ந்ததா? நன்றி சொல்லி மறுபடி மூட்டை மூட்டையாக எழுதினார்கள். தபால் பிரிக்கும் அந்த ஊர் சார்ட்டர்கள் பாவம்!

அந்தக் கணக்கை நான் அப்படியே நம்புவேன் என்று நினைக்காதீர்கள். வானொலிக்குப் போகும் நேயர் விருப்பக் கார்டுகளைப் பார்த்தவன் நான். ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை, அடியில் மட்டும் ஆறு பெயர் இருக்கும். அமெரிக்காவிலும் அப்படிச் சில கில்லாடிகள் இருந்திருப்பார்கள். இருக்கட்டும், மொத்தம் 79 பகுதிகளில் 24 அந்தக் கடிதங்களால் கிடைத்தவை.

அப்புறம் 1976-ல் அதே ஆயுதம். ‘கான்ஸ்டிடியூஷன்’ என்று பெயர் வைக்க இருந்த நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு, கதையில் வரும் விண்கலத்தின் ‘என்டர்பிரைஸ்’ பெயரை எழுதி எழுதியே வாங்கிவிட்டார்கள். சோதனைக்காகச் செய்த அந்த ஓடம் விண்வெளிக்குப் போகவே இல்லை என்பது வேறு விஷயம்.

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை இந்தத் தொடர் வரும். நைட் டியூட்டி முடிந்து, தூங்காமல் எதிர்வீட்டுத் திண்ணை ஜன்னலில் நின்று பார்ப்பேன். இங்கிலீஷ் பாதிதான் புரியும். கதையில் வரும் கூர்க்காதுக்காரர் ஸ்பாக் ஒற்றைப் புருவத்தைத் தூக்கினால் போதும், மீதி புரிந்துவிடும். கறுப்பு-வெள்ளைப் பெட்டி, எல்லாச் சட்டையும் ஒரே சாம்பல். அவர் போட்டிருந்தது நீலம் என்பது உங்கள் கலர் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
பெரம்பூர், சென்னை.