கேம்ஷாஃப்ட்டை மாற்றுவோர் வால்வு ஸ்பிரிங்கையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய எஸ்டீம், ஜிப்ஸி, ஹோண்டா சிட்டி போன்ற கார்களை வைத்திருப்போர் எஞ்சினை மாற்றாமலேயே அதன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும் வழிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மோட்டார் பக்கத்தில் தொடங்கியுள்ள கட்டுரைத் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக, கேம்) செய்யும் வேலையை எளிய முறையில் விளக்கியிருக்கும் கட்டுரையாளருக்கு என் பாராட்டு. ஆனால் அந்த வால்வுகளை மூடும் ஸ்பிரிங்கைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: தேவைப்பட்டால் கொஞ்சம் வலுவான ஸ்பிரிங்கும் போட்டுக்கொள்ளலாம் என்பது அந்த வரி. கோவையில் எஞ்சின் ஹெட் (வால்வுகள் பொருந்தியிருக்கும் மேல்பகுதி) வேலை செய்யும் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் அந்த ஒரு வரியை மறுக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கேமையும் ஸ்பிரிங்கையும் ஒன்றாகவே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் ஹெட்கள்தான் எங்களைப் போன்றவர்களின் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில் கேமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து 1988-இல் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதன் வாழ்ந்த ஊர் எங்களுடையது. சோழவரம் பந்தயப் பாதைக்கும் பின்னர் இருங்காட்டுக்கோட்டைப் பாதைக்கும் எஞ்சின் தயாரித்து அனுப்பிய பட்டறைகள் இங்கே பல இருந்தன. அந்தக் கைப்பழக்கம் இன்னும் ஊரில் இருக்கிறது. அதனால் எங்களுக்குப் பெருமை உண்டு. கூடவே ஒரு கெட்ட வழக்கமும் உண்டு. பந்தயக் காருக்குப் பலன் தந்த கேம் அளவை அப்படியே சாலைக் காருக்கும் கொடுத்துவிடுகிறோம். பந்தயக் காரின் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் உயர்ந்த ஆர்.பி.எம்.மிலேயே (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஓடுகிறது, சில பந்தயங்களுக்கு ஒருமுறை பிரிக்கப்பட்டு அதன் ஸ்பிரிங்குகளும் மாற்றப்படுகின்றன. உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரை இரண்டாவது கியரில் ஊர்ந்து செல்லும் காரோ தன் ஆயுளில் பெரும்பகுதியை 1,500-க்கும் 4,000-க்கும் இடையில்தான் கழிக்கிறது. எந்த ஆர்.பி.எம்.மில் தன் கார் பெரும்பாலும் ஓடுகிறது என்ற கேள்விக்கு உரிமையாளர் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால், கேம் தேர்வில் பாதி அப்போதே முடிந்துவிடும்.

வால்வு திறந்திருக்கும் காலத்தை, அதாவது கிராங்க்ஷாஃப்ட் சுழலும் டிகிரியில் அளக்கும் ட்யூரேஷனை, நீட்டினால் உயர்ந்த வேகத்தில் சிலிண்டர் நன்றாக நிறைகிறது என்று கட்டுரை சொல்வது சரியே. அதற்குக் கொடுக்கும் விலையை அது சொல்லவில்லை. கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், குறைந்த வேகத்தில் மேலே எழும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை, அது வந்த குழாயான மேனிஃபோல்டுக்கே திருப்பித் தள்ளிவிடுகிறது. ஆகவே, கம்ப்ரஷன் விகிதம் காகிதத்தில் மாறாமல் இருந்தாலும் சிலிண்டருக்குள் உண்மையில் அழுத்தப்படும் கலவை குறைந்து, சிக்னலில் கிளம்பும்போது பிக்கப் விழுந்துவிடுகிறது. இன்டேக்கும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடும்போது ஐட்லிங்கில் (கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது) மேனிஃபோல்டு வேக்குவம் குறைகிறது. பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டர் நம்பியிருப்பது அந்த வேக்குவத்தைத்தான். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் கணக்கிட்டுப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. கார்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. வேக்குவம் குறைந்ததைக் கண்ட கம்ப்யூட்டர் எஞ்சினுக்குச் சுமை ஏறிவிட்டது என்று எண்ணி, தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றுகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போவதால் புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவு எகிறுகிறது, பி.எஸ். 2, பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் புகை விதிகள்) காலத்து பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் அனுமதிக்கப்பட்ட அளவு 750 பி.பி.எம்., கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம். பலரும் ரசிக்கும் அந்த ‘தக், தக்’ என்ற ஐட்லிங் ஓசைக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கின்றன.

குறைந்த வேகத்துக்கும் உயர்ந்த வேகத்துக்கும் ஒரே கேம் வடிவம் பொருந்தாது என்பதால்தான் ஹோண்டா நிறுவனம் 1989-இல் இன்டெக்ரா காரில் வி.டெக் அமைப்பைக் கொண்டுவந்து, ஒரே ஷாஃப்ட்டில் இரு வகைக் கேம்களை வைத்தது. அந்த 1.6 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தது. அப்படியொரு வசதி இல்லாத எஞ்சினை வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தினமும் ஓட்டும் காருக்கு, கம்பெனி கேமைவிட 10 முதல் 15 டிகிரி வரை ட்யூரேஷனைக் கூட்டி, லிஃப்ட்டை, அதாவது வால்வு திறக்கும் உயரத்தை, சற்று உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுமாறு நான் சொல்வேன். ஆசைப்பட்டதைவிட ஓர் அளவு சிறிய கேமைப் போட்டவர் குறை சொல்லி வந்ததாக எனக்கு நினைவில்லை. லிஃப்ட்டைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. வால்வுத் தலையின் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு வால்வு திறந்ததும், அதைச் சுற்றிக் கிடைக்கும் இடைவெளியின் பரப்பு வால்வு வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடுகிறது; 36 மி.மீ. வால்வுக்கு அது 9 மி.மீ. அதற்கு மேலும் காற்று கொஞ்சம் கூடலாம். ஆனால் ஒவ்வொரு அரை மில்லிமீட்டருக்கும் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போக, ஸ்பிரிங்கின் மேல் விழும் பாரம் ஏறிக்கொண்டே போகிறது.

கேம் வாங்கும்போது “270 டிகிரி” என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதை ஏற்கக் கூடாது. எந்த லிஃப்ட்டில் தொடங்கி எந்த லிஃப்ட்டில் முடித்து அளந்த 270 என்று கேட்க வேண்டும். 0.15 மி.மீ. லிஃப்ட்டில் அளந்தால் 270 டிகிரி காட்டும் கேம், 1.27 மி.மீ. லிஃப்ட்டில் அளந்தால் ஏறத்தாழ 220 டிகிரிதான் காட்டும். அதுபோலவே, கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோலான ராக்கர் உள்ள எஞ்சினில் கேமின் லிஃப்ட் வேறு, ராக்கர் விகிதத்தால் பெருக்கி வால்வுக்குக் கிடைக்கும் லிஃப்ட் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்பிரிங் வாங்கியவர் செலவழித்த பணம் வீண்தான்.

இனி ஸ்பிரிங்குக்கு வருகிறேன். 6,000 ஆர்.பி.எம்.மில் கேம்ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றுவதால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. வால்வைத் திறப்பது கேம்; உச்சியைத் தாண்டியபின் அதைக் கேமின் முதுகோடு ஒட்டவைத்துக் கீழே கொண்டுவந்து, சீட்டில் (வால்வு பதிந்து மூடும் இடத்தில்) துள்ளாமல் உட்கார வைப்பது ஸ்பிரிங். அதற்குத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 6,000-லிருந்து 7,000-க்குப் போனால் 36 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். அந்த விசை போதாவிட்டால் வால்வு கேமை விட்டு விலகி மிதக்கிறது. எஞ்சின் மேற்கொண்டு ஏற மறுத்துத் திக்குகிறது. பிஸ்டனும் வால்வும் மோதக்கூடிய அமைப்புள்ள எஞ்சினாக இருந்தால் வால்வு வளைந்துவிடுகிறது. புதிய கேமின் பக்கவாட்டுச் சரிவு செங்குத்தாக இருந்தால், ஆர்.பி.எம். எல்லையை உயர்த்தாதவருக்கும் பழைய ஸ்பிரிங் போதாமல் போகலாம்.

அப்படியானால் கிடைப்பதிலேயே வலுவான ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் தேவைக்கு மிஞ்சினால் கேமும் ராக்கர் முனையும் ஒன்றையொன்று அரைத்துத் தேய்கின்றன. டைமிங் பெல்ட்டின் மேல் சுமை ஏறுகிறது. எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கை ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே செலவழிக்கிறது. நம் ஊரில் புதிய கேமாக வாங்குபவர் குறைவு. பழைய கேமின் அடிவட்டத்தை (வால்வைத் தள்ளும் மூக்கு நீங்கலான வட்டப் பகுதியை) கிரைண்டிங்கில் குறைத்து லிஃப்ட்டைக் கூட்டுவதுதான் வழக்கம். வார்ப்பிரும்புக் கேமின் கடினமான மேல்தோல் ஓரளவு ஆழமே இருக்கும் என்பதால், அதிகமாகச் சீவிய கேமின் மேல் முரட்டு ஸ்பிரிங்கை வைத்தால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் மூக்கு தேய்ந்து தட்டையாகிவிடும். அடிவட்டம் குறைந்த அளவுக்கு ராக்கரின் டாப்பெட் ஸ்க்ரூவை (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் திருகை) இறக்க வேண்டியிருப்பதையும், அதில் போதிய மரை மிச்சம் இருக்கிறதா என்பதையும் கிரைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் செவர்லே வி8 எஞ்சின்களுக்குக் கேம் விற்பவர்கள், இந்தக் கேமுக்கு இந்த ஸ்பிரிங் என்று சேர்த்தே விற்கிறார்கள். ட்யூரேஷன், லிஃப்ட், ஸ்பிரிங் பொருத்தும் உயரம் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் அச்சிட்டுத் தருகிறார்கள். நாம் வாங்குவதோ பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஷாஃப்ட்டையும் வாய்மொழியாக ஓர் எண்ணையும்தான்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது அளக்க வேண்டியவற்றில் முதலாவது அது பொருத்தப்படும் உயரம். அதாவது வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் அடிக்கும் அதை வால்வுத் தண்டோடு பிடித்துவைக்கும் மேல்மூடியான ரிட்டெய்னருக்கும் இடையே உள்ள தூரம். ஒரு கணக்கு சொல்கிறேன். பொருத்தும் உயரம் 35 மி.மீ., சுருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டும் உயரம் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் சுருங்கக்கூடிய தூரம் 11 மி.மீ.; கம்பெனி கேமின் 9 மி.மீ. லிஃப்ட்டுக்கு 2 மி.மீ. மிச்சம் இருக்கிறது. 10.5 மி.மீ. லிஃப்ட் உள்ள கேமை அதே ஸ்பிரிங்கோடு போட்டால் மிச்சம் அரை மில்லிமீட்டர்தான். குறைந்தது 1 முதல் 1.5 மி.மீ. வரை இடைவெளி வேண்டிய இடத்தில் அரை மில்லிமீட்டரோடு ஓட்டினால் ராக்கர் உடையலாம், கேம் பிளக்கலாம், ரிட்டெய்னர் கழன்று வால்வே சிலிண்டருக்குள் விழலாம். ஸ்பிரிங் முட்டாவிட்டாலும் ரிட்டெய்னரின் அடிப்பாகம் வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடின் மேலுள்ள ஆயில் சீலில் இடிக்கலாம். அங்கேயும் ஏறக்குறைய அதே இடைவெளி வேண்டும்.

இந்த உயரத்தைப் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொள்வதும் போதாது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஜிப்ஸியின் ஹெட் என்னிடம் வந்தது. 5,500-க்கு மேல் எஞ்சின் திக்குகிறது என்று சொல்லி, கேமைக் குறை கூறி, உரிமையாளர் அதை மறுபடியும் கிரைண்டிங் செய்திருந்தார். வால்வுகளைக் கழற்றாமல் பக்கவாட்டில் பார்த்தபோதே தண்டுகள் ஒரே மட்டத்தில் இல்லை. முன்பு பலமுறை சீட் கட்டிங் (சீட்டைச் சீவிப் புதுப்பித்தல்) செய்ததில் வால்வுகள் உள்ளே இறங்கி, தண்டுகள் மேலே எழுந்து, பொருத்தும் உயரம் ஒரு சிலிண்டரில் 1.5 மி.மீ. கூடியிருந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு 3 கிலோ வீதம் இறுகும் ஸ்பிரிங்கில் அது 4.5 கிலோ இழப்பு; மூடிய நிலையில் மொத்தமே 25 கிலோ அளவில் இருக்க வேண்டிய அழுத்தத்தில் இது சிறிய இழப்பல்ல. ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக அளந்து, ஸ்பிரிங்குக்கு அடியில் அதற்குரிய தடிமனில் ஷிம் என்னும் மெல்லிய வளையத் தகட்டை வைத்தவுடன் திக்கல் நின்றது. கேமில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள தூரத்தையும் பார்த்தாக வேண்டும். பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு வைத்து, டைமிங்கைச் சரியாகப் பொருத்தி, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிரித்து, பதிந்த இடத்தில் மிக மெல்லிய பகுதியை அளந்தால் போதும். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. பிஸ்டன் உச்சியில் நிற்கும் கணத்தில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. அதற்குச் சில டிகிரி முன்னும் பின்னும்தான் இரண்டும் மிக நெருங்கி வருகின்றன.

புதிய ஸ்பிரிங்குகள் முதல் சில முறை சூடாகி ஆறும்போது அழுத்தத்தில் சிறிதளவை இழக்கும் என்பதால், முதல் சர்வீஸில் ஒருமுறை மீண்டும் பார்ப்பது நல்லது. எல்லா ஸ்பிரிங்குகளையும் ஸ்பிரிங் டெஸ்டரில் வைத்து, ஒத்த அழுத்தம் உள்ளவற்றைச் சேர்ப்பதும் அவசியம்.

கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதி பெட்ரோல் இன்ஜெக்ஷனைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன்பாக, பொருத்தும் உயரம், சுருள் முட்டும் உயரம், மூடிய நிலையிலும் முழு லிஃப்ட்டிலும் உள்ள அழுத்தம், ட்யூரேஷன் அளக்கப்பட்ட லிஃப்ட் ஆகியவற்றை எழுத்தில் தராத எவரிடமும் கேமைக் கிரைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டாம் என்று வாசகர்களுக்கு ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த விவரங்களைக் கொண்ட மாதிரி அட்டை ஒன்றைத் தயாரித்து அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
எஞ்சின் பட்டறை நடத்தும் ஒரு வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.