முந்தானையும் மணல் பருக்கையும்

மண்டபம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ பீரோவில் வைத்துவிட்டுப் போன கேமராவை உன்னைக் கேளாமலேயே நான் எடுத்துப் பயன்படுத்தி வருகிறேன் என்பதையும், அதன் முன்கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்துவிட்டது என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். அரிச்சல்முனையில் காற்று பலமாக வீசிய ஒரு காலையில், உப்புத் துளி படிந்து காட்சி மங்கியதும், பழக்கதோஷத்தில் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். அதில் ஒட்டியிருந்த மணல் பருக்கை ஒன்று தன் வேலையைக் காட்டிவிட்டது. கீறல் பட்டது லென்ஸில் அல்ல, அதன்மேல் நீ மாட்டியிருந்த ஃபில்டரில்தான் என்று கடைக்காரர் கழற்றிக் காட்டும்வரை இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கமில்லை. இப்போதெல்லாம் ரப்பர் பந்தை அமுக்கி மணலை ஊதிய பிறகே துணியைத் தொடுகிறேன்.

ஆனியில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரை முதன்முதலில் எடுத்தபோது, கண் கூசும்படி வெளுத்திருந்த மணல் படத்தில் அடுப்புச் சாம்பல் போல விழுந்திருந்தது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணியே கேமரா வெளிச்சத்தைக் கணக்கிடுவதால், வெண்மணலைக் கண்டதும் வெளிச்சம் மிஞ்சிவிட்டதென்று தானே குறைத்துக்கொள்கிறதாம். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டியதும் மணல் மணலாயிற்று. ஆனால் மேலிருந்த மேகம் வெளுத்துக் காணாமற்போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமானால் வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும் என்பதை ஏழெட்டு நடை வீணான பிறகே கற்றேன்.

இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தும் நான் கவனியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆனியில் நேர்கிழக்குக்கு வடக்கே ஏறக்குறைய 24 பாகை தள்ளி, பெண்கடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் எழுந்த சூரியன், மார்கழியில் அதே அளவு தெற்கே விலகிப்போயிருந்தது. ஆனியில் குறித்து வைத்த இடத்தில் மார்கழியில் போய் நின்றுகொண்டு, வலப்பக்கம் சிவப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பாடப்புத்தகத்தில் இதை முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்!

கடல் மட்டும் இன்னும் சாய்ந்தே விழுகிறது. வலக்கை சற்றுத் தாழ்ந்துவிடுகிறது போலும். பெண்கடல் அசைவற்றிருந்த ஒரு விடியலில், நாட்டுப்படகின் நங்கூரக் கயிறு அருகிலிருந்து தொடங்கித் தண்ணீருக்குள் இறங்கும் படம் ஒன்று அமைந்திருக்கிறது. அதில்கூட அடிவானம் வலப்பக்கம் சற்று ஏறியே இருக்கிறது. அதைக் கணினியில் நிமிர்த்திவிடாதே. அடுத்த முறை நானே நேராக எடுத்துக்கொள்கிறேன்.

வரும்போது கனம் குறைவான ட்ரைபாட் ஒன்று வாங்கி வா, தம்பி. ஃபில்டருக்கான பணத்தை அப்போது தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா