அரண்மனை மைதானத்துச் சுவருக்கு வெளியே

அல்சூர், பெங்களூரு

அன்பு மகன் சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வீட்டுச் செய்திகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மா ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறாள். தொலைபேசியில் எனக்குச் சொல்ல வராத சிலவற்றை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2025 ஜூலை 30 அன்று நீ பர்மிங்ஹாமிலிருந்து பேசினாய். ஆஸி ஆஸ்பர்னின் இறுதி ஊர்வலம் பிராட் தெருக் கால்வாய்ப் பாலத்தில் வந்து நின்றது, கூட்டத்தில் நானும் நின்றேன் என்றாய். குரல் கம்மியிருந்தது. யார் அவர் என்று கேட்டேன். "விடுங்கள் அப்பா, சொன்னாலும் உங்களுக்குப் பிடிக்காது" என்றாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதிலை உன் வாயில் ஏற்றியவன் நான்தான்.

மறுநாள் பரண்மேலிருந்து உன் அட்டைப்பெட்டியை இறக்கினேன். எல்லாம் உன் ஹெவி மெட்டல் பாட்டுகள்: முப்பத்தொரு கேசட்டுகள், அறுபதுக்கும் மேல் சி.டி.கள். பாதிக்கு மேல் நீயே பதிவு செய்தவை. உறைக்குள் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாய்: "மூன்றாவது பாட்டு, நான்காம் நிமிடம், கவனி." யாரைக் கவனிக்கச் சொன்னாயோ, நான் கவனித்தேன். அம்மா சோமேசுவரர் கோயிலுக்குப் போகிற மாலைகளில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒன்று.

முதல் வாரம் தலைவலிதான் மிச்சம். பிறகு ஒருநாள் வேறுவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். பீனியா தொழிற்பேட்டையில் இருபத்தெட்டு ஆண்டுகள், தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ் பக்கத்தில் நின்ற காது இது. அச்சு தேய்ந்திருக்கிறதா, தகடு கோணலாகப் போயிருக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அந்தக் காதோடு, ஆஸி பாடிய பிளாக் சப்பாத் குழுவைக் கேட்டபோது, இது பட்டறையின் சத்தம் என்று தோன்றியது. அடி விழுவதற்கு முன்னால் ஒரு நொடி காற்று நிற்குமே, அது அப்படியே அதில் இருக்கிறது.

அடுத்த வீட்டுப் பையனிடம் சொல்லி அவர்களைப் பற்றித் தேடி எடுத்துப் படித்தேன். கிதார் வாசித்த டோனி அயோமி பர்மிங்ஹாம் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். பதினேழு வயது. வேலையை விட்டு நின்றுகொள்ளும் கடைசி நாள். வராத ஆளுக்குப் பதிலாக பிரஸ்ஸில் நிற்க வைத்திருக்கிறார்கள். அது இறங்கி நடுவிரலும் மோதிர விரலும் நுனி போயின. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர், ஆகவே கம்பியை அழுத்துகிற கை வலக்கை. போனது அந்தக் கையின் விரல்கள்.

இதைப் படித்துவிட்டு என் இடக்கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1988இல் அந்த நுனி எப்படிப் போனது என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் "மெஷினில் மாட்டியது" என்று முடித்துவிடுவேன். முழுவதும் இதுதான்: இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும், கை உள்ளே போகக்கூடாது என்பதற்காக. எண்ணிக்கை ஏற வேண்டுமென்று ஒரு பொத்தானை அமுக்கியபடியே கட்டிவைத்திருந்தார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தே நின்றேன். உன் அக்கா பிறந்து நாற்பது நாள்.

அயோமியிடம் அவருடைய மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டியிருக்கிறார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் மீதி விரல்களாலேயே வாசித்த மனிதர் அவர். அதைக் கேட்ட பையன் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, உருட்டி, விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். மேலே தோல் ஒட்டினான். மெல்லிய கம்பிகளைத் தேடிப்பிடித்துக் கட்டினான். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கிவிட்டார்கள். நீங்கள் கனமானது என்று கொண்டாடுகிற அந்தச் சத்தத்துக்குள் ஒரு தொழிலாளியின் வலி இருக்கிறது. இதை ஏன் நீ என்னிடம் சொல்லவில்லை? நான் கேட்டிருப்பேனா என்று நீ திருப்பிக் கேட்கலாம். நியாயம்தான்.

மற்றவற்றையும் சொல்கிறேன். டெத் என்ற குழுவின் சக் ஷுல்டினர் பாடுவதைத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது என்று அந்தக் காலத்தில் திட்டினேன். நம் தர்மபுரிப் பக்கத்தில் பம்பையும் உறுமியும் சேர்ந்து ஏறும்போது சாமி வந்தவர் வாயிலிருந்து ஒரு குரல் வரும். அது அவருடைய குரலாக இருக்காது. சின்ன வயதில் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். உறுமல் என்பதற்கு நம்மிடம் வாத்தியமே இருக்கும்போது, உறுமிப் பாடுகிறவரை நான் அந்நியமாக நினைத்தது தவறு. 1998இல் வந்த டெத் குழுவின் கடைசி ஆல்பத்தை நான்கு முறை கேட்டுவிட்டேன். முப்பத்து நான்கு வயதில் மூளைக் கட்டியால் போய்விட்டாராமே. ஏறக்குறைய உன் வயதுதான்.

நம் ஊர் கிரிப்டோஸ் எனக்கு உடனே பிடித்துவிட்டது. இரண்டு கிதார்களும் அண்ணன் தம்பி போலப் பேசிக்கொண்டே போகின்றன. 1998இல் இதே பெங்களூரில் தொடங்கிய குழு என்று தெரிந்ததும் பெருமையாக இருந்தது.

நார்வேயின் பிளாக் மெட்டல் குழுக்களோடு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நகல் எடுத்த நகல் போல வேண்டுமென்றே மங்கலாகப் பதிவு செய்திருக்கிறார்கள், அதன் குளிர் எனக்குப் புரிகிறது. ஆனால் 1992இல் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயத்தை எரித்ததையும், அந்தக் கூட்டத்தில் சிலர் அதைப் பெருமையாகப் பேசியதையும் படித்தேன். தெய்வம் யாருடையதாக இருந்தாலும் கும்பிடும் இடத்துக்குத் தீ வைப்பதை இசையின் பெயரால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நீ எப்படி இரண்டையும் பிரித்துப் பார்த்தாய்? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

இப்போது 2007க்கு வருகிறேன். மார்ச் 17, சனிக்கிழமை. அயர்ன் மெய்டன் குழுவினர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். உனக்கு இரண்டாம் பி.யூ.சி. (பிளஸ் டூ) தேர்வுக் காலம். போகக்கூடாது என்றேன். நீ நண்பன் வீட்டில் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஏழு மணிக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைக் கையோடு இழுத்து வருவது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜெயமஹால் சாலைக்கு வந்தேன். டிக்கெட் இல்லாத பையன்கள் வரிசையாகச் சுவரோரம் நின்றிருந்தார்கள். உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு கிதார் மெட்டைச் சொல்லே இல்லாமல் பாடினார்கள். வெளியே நின்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்கள். மலைக்கு மாலை போட்ட கூட்டம் போல இருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். கடைசிவரை அங்கேயே நின்றேன். முடிந்ததும், நீ வருவதற்குள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இதை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

அத்தோடு நின்றிருந்தால் நல்லது. இரண்டு நாள் கழித்து உன் அலமாரியில் கறுப்புச் சட்டை ஒன்றைப் பார்த்தேன். மண்டை ஓட்டுப் படம் போட்டது. அதைக் கிழித்து வண்டி துடைக்கும் துணியாக்கினேன். நீ பார்த்தாய், ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பாட்டையும் என் எதிரில் நீ போட்டதில்லை. 2011 அக்டோபர் 30, மெட்டாலிகா குழு இங்கே வாசிக்க வந்தபோது நீ சம்பாதிக்கத் தொடங்கியிருந்தாய். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. முழங்கால்வரை சேறோடு வந்து, ஒரு சொல் சொல்லாமல் குளிக்கப் போனாய். எப்படி இருந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. தம்பி, அந்தச் சட்டைக்காக என்னை மன்னித்துவிடு.

அந்த வலி எனக்குத் தெரியாததல்ல என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. உன் தாத்தா என் புத்தகங்களை அடுப்பில் போட்டார். துப்பறியும் கதை படிப்பவன் திருடனாவான் என்பது அவருடைய கணக்கு. 1983இல் பெங்களூருக்கு வந்து யஷ்வந்த்பூரில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தபோதுதான் யாருக்கும் பயப்படாமல் படித்தேன். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் மாத நாவல்கள் தொங்கும். ஒருவர் வாங்கினால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறி, அட்டை போய், கடைசிப் பக்கமும் போய் என்னிடம் வரும். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொள்ள, முன்னால் படித்தவனைத் தேடிப் போக வேண்டும். நீங்கள் தபாலில் கேசட் அனுப்பி நகல் எடுத்துக்கொண்டதாக அந்தக் குறிப்புகளில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

ராஜேஷ்குமார் நாவலை ஒரே இரவில் முடித்துவிடுவேன். சுஜாதாவை அப்படி முடிக்க மனம் வராது. பீனியாவிலிருந்து கூப்பிடு தூரம், ஜாலஹள்ளி பி.இ.எல்.லில் அவர் பொறியாளராக இருந்தார். வேலை முடிந்து அந்தத் தொழிற்சாலைப் பேருந்துகள் போகும்போது, இதில் ஏதோ ஒரு ஜன்னலில் கணேஷையும் வசந்தையும் எழுதிய மனிதர் இருப்பார் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒருநாளும் பார்த்ததில்லை. 2008 பிப்ரவரியில் அவர் இறந்தபோது நான் சாப்பிடாமல் வேலைக்குப் போனேன். காரணம் கேட்ட அம்மாவிடம் வயிறு சரியில்லை என்றேன். ஆஸிக்காக உன் குரல் கம்மியதே, அது எனக்குப் புரிகிறது.

படங்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஊரில் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து இயக்குநர் கர்ணன் எடுத்த 'கங்கா' பார்த்தேன். ஜெய்சங்கர் குதிரையில் வருவார். பிறகு பெங்களூரில் லாவண்யா தியேட்டரில் தமிழ்ப் படங்கள், ரெக்ஸ் தியேட்டரில் ஆங்கிலப் பேய்ப் படங்கள். அம்மாவுக்குப் பயம் என்பதால் தனியாகவே போவேன். ரெக்ஸை 2018 முடிவில் மூடினார்கள்.

ஆனால் ஒரே ஒரு படம் உனக்குக் காட்ட வேண்டுமென்றால் 'அந்த நாள்'. 1954இல் வந்தது. தொடக்கத்திலேயே ஒரு துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்து விழுகிறார். 1943இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் நடக்கிற கதை. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். பாட்டு ஒன்றுகூட இல்லை. எடுத்தவர் எஸ். பாலசந்தர், பெரிய வீணை வித்துவான். இசை அவ்வளவு தெரிந்த மனிதர் ஒரு படம் முழுவதும் பாட்டை வெளியே நிறுத்தி வைத்தார் என்றால், மௌனத்தின் சுருதி அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ பென்சிலால் குறித்துவைக்கும் ஆள், இதில் நிறையக் குறிப்பாய்.

பக்கத்துத் தெருப் பையன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான். அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். 'நைலான் கயிறு', 'கொலையுதிர் காலம்' இரண்டும் இருக்கின்றன. இரண்டாவதை இரவில் படி, முடிவை யாரிடமும் கேட்காதே. அழுக்கேறிய இரண்டு மாத நாவல்களும் உண்டு, ஒன்றில் கடைசிப் பக்கம் இல்லை. அம்மா பருப்புப் பொடி வைத்திருக்கிறாள். சட்டை ஒன்றும் இருக்கிறது. கறுப்பு. சர்ச் தெருவில் விசாரித்து வாங்கினேன், அளவு சரியா என்று சொல்.

நேரம் கிடைக்கும்போது ஆஸியின் ஊர்வலம் நின்ற அந்தப் பாலத்துக்குப் போய், அங்கே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

இன்னொன்று. பெட்டியின் அடியில் பெயர் எழுதாத ஒரு சி.டி. கிடைத்தது. இரண்டே பாட்டு. மின்விசிறிச் சத்தத்தோடு ஏதோ ஓர் அறையில் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் டிரம்ஸ்காரர் எதையோ கீழே போட, ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்த இடத்தை மட்டும் பலமுறை போட்டுக் கேட்டேன். அது உன் சிரிப்பு என்று நினைக்கிறேன். நீ பாடினாயா, வாசித்தாயா? எழுது.

அன்புடன்,
அப்பா