கணக்கு வேறு, இரைச்சல் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த மேற்கத்திய இசைக் கட்டுரை, மேத் ராக் (கணக்கு ராக்), நாய்ஸ் (இரைச்சல் இசை) என்ற இரண்டு வகைகளையும் ஒரே பத்தியில் அடக்கி, இரண்டுமே காதைக் குடையும் சத்தம் என்று சொல்லி முடித்துக்கொண்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மைக் செட் தொழில் நடத்துபவன் நான். பெயர் தெரியாத இத்தகைய குழுக்களைத் தேடிக் கேட்பதில் பல ஆண்டுகளாக ஈடுபாடும் உண்டு. இரண்டும் வெவ்வேறு இசைகள் என்பதையும், அவற்றில் முதலாவது நம் ஊர்க் காதுக்குச் சிறிதும் அந்நியமானதல்ல என்பதையும் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

மேத் ராக் குழுக்கள் கையாளும் கருவிகள் வழக்கமான கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ்தான். ஆனால் நாலு நாலாக எண்ணும் ராக் தாளத்தை விட்டுவிட்டு, ஐந்து, ஏழு, பதினொன்று என்று சுற்றுகளை மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். 'தகிட தகதிமி' என்று ஏழு எண்ணிக்கைத் தாளமான மிசிர சாபுவைத் தொடையில் தட்டிப் பழகிய ஒருவருக்கு ஏழு ஒரு புதிராகவே இருக்க முடியாது. 1981-இல் பிரிட்டனின் கிங் கிரிம்சன் ராக் குழு வெளியிட்ட 'டிசிப்ளின்' இசைத் தொகுப்பில், ராபர்ட் ஃபிரிப்பும் அட்ரியன் பெலூவும் ஏழின் கணக்கில் ஒன்றாகக் கிட்டார் வாசிக்கத் தொடங்கும் ஓர் இடம் உண்டு. சிறிது நேரத்தில் ஒருவர் சுற்றுக்கு ஒரு ஸ்வரத்தைக் குறைத்துக்கொள்ள, இருவரும் இழை இழையாக விலகிப் போய், பிறகு பிசகாமல் சேர்ந்துகொள்கிறார்கள். பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழாவில் தவில் தனி கேட்டு, மூன்று முறை வாசிக்கும் முடிவுக் கணக்கான கோர்வை, மூன்றாம் முறை முடிந்து பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும்போது தலையாட்டியவர்களுக்கு இந்த மகிழ்ச்சி தெரிந்ததுதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நம் வித்வான் அடிக்குள் எண்ணிக்கையை மாற்றும் எத்தனை நடைகளுக்குள் புகுந்து வந்தாலும் அடியில் ஓடும் தாளம் மாறுவதில்லை. மேடையிலும் சபையிலும் யாராவது ஒருவர் கையில் அதைப் போட்டுக்கொண்டே இருப்பார். மேத் ராக்கில் பல வேளைகளில் அந்தத் தாளமே பாட்டின் நடுவில் மாறிவிடுகிறது, அதைக் கையில் போட்டுக் காட்டுவதற்கும் ஆள் இல்லை. முதல் முறை கேட்பவர் குழம்பிப் போவது இதனால்தானே தவிர, இசையில் ஒழுங்கு இல்லாததால் அல்ல.

இக்குழுக்களைத் தேடுவோருக்கு, செயலிகள் தாமாக நீட்டும் பட்டியலைவிடத் தொகுப்பின் பின்னட்டை நல்ல வழிகாட்டி என்பது என் கருத்து. ஒலிப்பதிவு செய்தவர் யார் என்று பார்த்தால் போதும். சிகாகோவின் ஸ்டீவ் ஆல்பினி என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஸ்லின்ட் குழுவின் முதல் தொகுப்பு, பிட்ஸ்பர்க்கின் டான் கபயேரோ, அவரே கிட்டார் வாசித்த ஷெலாக் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிடைக்கும். தம்மைத் தயாரிப்பாளர் என்று அட்டையில் போட வேண்டாம், 'ஒலிப்பதிவு' என்று போட்டால் போதும் என்றவர் அவர். பதிவுக்கான கூலியைத் தவிர விற்பனையில் பங்கு வாங்க மறுத்தவரும்கூட. 2024 மே 7 அன்று காலமானார். ஷெலாக்கின் கடைசித் தொகுப்பு பத்து நாள் கழித்து வெளிவந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் படம் மாட்டி வைக்கத் தகுந்த மனிதர். ஸ்லின்ட் குழுவின் இரண்டாம் தொகுப்பான 'ஸ்பைடர்லேண்ட்' 1991-இல் கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. இன்று இவ்வகை இசையைப் பற்றிப் பேசும் எவரும் அதைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

நாய்ஸ் இசையின் வழி வேறு. அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. ஒலியின் தடிமன், சொரசொரப்பு, அழுத்தம் இவையே பொருள். இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, இயந்திரங்களின் ஓசையும் இசைக்கு உரியதே என்று 1913-இலேயே அறிக்கை எழுதி, அதற்கென்று கருவிகளையும் செய்தார். மைக் பிடித்த ஒலி ஆம்பிளிஃபையர் வழியாக ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போய், பெட்டியிலிருந்து மீண்டும் மைக்குக்கே வந்து சேரும்போது ஒரே ஒரு சுருதி மட்டும் பெருத்துக் கூவத் தொடங்கும். கல்யாண மேடையில் அது கேட்டவுடன் நான் ஓடிப்போய் வால்யூமைக் குறைத்து, மைக்கைத் திருப்பி வைக்கிறேன். அதைத் தடுப்பதற்குத்தான் எனக்குக் கூலியே. நாய்ஸ் கலைஞர்களோ அந்தக் கூவலை வேண்டுமென்றே வரவழைத்து, கிட்டாரைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோயும் விலக்கியும் அதை வளைக்கிறார்கள். எவ்வளவு விலகினால் எந்தச் சுருதி பிடிக்கும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேலை இது. ஜப்பானின் மசாமி அகிதா, மெர்ஸ்பௌ என்ற பெயரில் வெளியிட்ட தொகுப்புகளை என்னால் ஒரே மூச்சில் கேட்க முடிவதில்லை. அது என் ரசனையின் எல்லை, அவருடைய குறை அன்று.

இரண்டையும் இணைக்கும் குழுக்களும் உண்டு என்பதால் கட்டுரையாளரின் குழப்பத்துக்கு ஓரளவு இடம் இருக்கிறது. அமெரிக்காவின் லைட்னிங் போல்ட் குழுவில் இருவரே: ஒருவர் பேஸ், மற்றவர் டிரம்ஸ். டிரம்ஸ் வாசிக்கும் பிரையன் சிப்பன்டேல், தொலைபேசிக் கைப்பிடியில் இருக்கும் மைக்கை முகமூடியில் கட்டிக்கொண்டு அதிலேயே பாடுகிறார். மேடையை விட்டிறங்கி, கூட்டத்தின் நடுவே தரையில் நின்று வாசிப்பது நெடுங்காலம் அவர்கள் வழக்கமாக இருந்தது. இவர்களுக்கு முன்பே, 1985-இல், ஜப்பானில் தத்சுயா யோஷிதா தொடங்கிய ரூயின்ஸ் குழுவும் பேஸும் டிரம்ஸும்தான். அவர் தாமே புனைந்த, பொருளற்ற சொற்கட்டுகளை வெட்டி வெட்டிப் பாடுவதைக் கேட்டால், தாளச் சொற்களை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோல் நினைவுக்கு வராமல் போகாது. அவர் வழிகாட்டியாகக் கொண்டது பிரான்சின் மாக்மா குழுவை. அதன் டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்டியன் வாண்டர் தம் பாடல்களுக்காக ஒரு மொழியையே உருவாக்கியவர். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தும் இந்தக் குழுவின் பெயர் காதில் விழுவதே இல்லை என்பது எனக்கு வியப்பு.

எனவே, மாதம் அரைப் பக்கமாவது இத்தகைய குழுக்களுக்கு ஒதுக்கி, எழுதுபவரோடு ஒரு மிருதங்க வித்வானையும் உட்காரவைத்துக் கேட்கச் செய்து எழுதுமாறு வேண்டுகிறேன். பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாள் புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது. அன்று இந்த வட்டாரத்து இளைஞர் எவரேனும் இவ்வகை இசையை வாசிக்க முன்வந்தால், மைக் செட்டை வாடகை இல்லாமல் நான் கட்டித் தருகிறேன். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டம் இடம் தராது என்பதால் மாலையிலேயே தொடங்கிவிட வேண்டும். பெட்டிக்குச் சேதம் வந்தால் மட்டும் அவர்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.